திண்ணையும் கூடமும்: பிறர் படைப்புக்குக் கருத்துச் சொல்லும் முறையின் வரலாறு



இன்று யாருடைய நினைவில் கூடியிருக்கிறோமோ, அந்த அய்யாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது கையெழுத்துப் பிரதியை நீட்டினால் உடனே பிரித்துவிட மாட்டார். மடியில் வைத்துக்கொண்டு, “எழுதி முடிச்சு எவ்வளவு நாளாச்சு? வேற யாராச்சும் படிச்சாங்களா? நான் எதைப் பாத்துச் சொல்லணும்?” என்று கேட்பார். மூன்றாவது கேள்வி அந்த நாட்களில் எனக்கு விளங்கியதில்லை. படித்தவர் மனதில் பட்டதைச் சொல்ல வேண்டியதுதானே, இதற்கு எழுதியவரிடம் என்ன கேட்பது என்று நினைப்பேன். இன்றைய உரை அந்தக் கேள்வியைச் சுற்றித்தான். பிறர் படைப்பின்மீது கருத்துச் சொல்வதற்கு ஒரு மரியாதை உண்டு என்கிறோம். அந்த மரியாதையை யார் வகுத்தார்கள், அது யாரைக் கூடத்தில் உட்காரவைத்தது, யாரை வாசலில் நிறுத்தியது என்பதைச் சில நிகழ்வுகளைக் கொண்டு பேச விரும்புகிறேன்.

தமிழில் இதற்குப் பழைய ஏற்பாடு ஒன்று இருந்தது. நூல் செய்தவன் அதை அவையில் அரங்கேற்ற வேண்டும். கேட்பவர்கள் தடை எழுப்புவார்கள். அவன் விடை சொல்ல வேண்டும். தொல்காப்பியத்தின் பாயிரமே நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையையும், கேட்ட அதங்கோட்டாசானையும் சொல்கிறது. தன் நூலைத் தானே புகழ்வது தகாது என்பது மரபு. அப்படியானால் சிறப்புப் பாயிரம் யார் தரலாம்? நன்னூல் நான்கு பேரைச் சொல்கிறது: தன் ஆசிரியன், தன்னோடு கற்றவன், தன் மாணவன், தகுதியுள்ள உரைகாரன். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நான்கு பேரும் எங்கே கிடைப்பார்கள்? கல்வி நடக்கும் இடத்துக்குள்தான். அந்த இடத்துக்குள் விடப்படாதவனுக்கு ஆசிரியன் ஏது, உடன் கற்றவன் ஏது? அவன் ஒரு நூல் செய்தாலும் அதைப் பற்றி முறைப்படி வாய் திறக்க ஆளில்லை என்றாகிறது.

அச்சு வந்த பிறகும் இந்த ஏற்பாடு மறையவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான தமிழ் நூல்களைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், முன்பக்கங்களில் வித்துவான்கள் தந்த சாற்றுக்கவிகள் வரிசையாக நிற்கும். பெரிய புலவரின் சாற்றுக்கவி இல்லாமல் ஒரு நூலை வெளியிடுவது குறைவாகக் கருதப்பட்டது. அதனால் நூலாசிரியர்கள் புலவர்களின் வீடுகளுக்கு நடந்தார்கள்.

அப்படி நடந்தவர்களில் ஒருவர் கோபாலகிருஷ்ண பாரதி. அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1860களின் தொடக்கத்தில் காரைக்காலில் அச்சேறியது. அதற்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சாற்றுக்கவி வாங்க வேண்டும் என்று பாரதி விரும்பினார். நடந்ததை உ.வே. சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார். பிள்ளைக்குத் தர மனமில்லை. கீர்த்தனையில் இலக்கணப் பிழைகள் இருந்தன, சேக்கிழார் சொன்ன கதையிலிருந்து விலகலும் இருந்தது. மறுத்துவிட்டால் மனம் நோகும் என்பதால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். பாரதியும் விடாமல் வந்துகொண்டே இருந்தார். ஒருநாள் பகலில் பிள்ளை உள்ளே படுத்திருந்தார். வெளியே திண்ணையில் காத்திருந்த பாரதி தனக்குத்தானே தம் கீர்த்தனைகளைப் பாட ஆரம்பித்தார். உள்ளே கேட்டுக்கொண்டிருந்தவர் உருகிப்போனார். எழுந்து வெளியே வந்து, இத்தனை நாள் அலைக்கழித்ததற்கு வருந்தி, சாற்றுக்கவியும் தந்தார்.

இந்தக் கதை நம் இலக்கிய மேடைகளில் பல முறை சொல்லப்பட்டிருக்கிறது. ஏட்டில் பார்த்தபோது தெரிந்த பிழை, பாட்டாகக் கேட்டபோது தெரியவில்லை என்பார்கள். அது சரியான பாடம். கீர்த்தனையை இலக்கண நூலின் அளவுகோலால் அளந்தவர், அது எந்த வடிவத்துக்காகச் செய்யப்பட்டதோ அந்த வடிவத்திலேயே கேட்டதும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். மாற்றிக்கொள்ளும் மனம் எல்லாப் பண்டிதருக்கும் வாய்ப்பதில்லை. பிள்ளையை அதற்காக மதிக்கிறேன்.

ஆனாலும் இந்தக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். நூல் செய்தவர் பிராமணர். மதிப்பிடுபவர் சைவ வேளாளர். நூலின் பொருள் யார்? ஆதனூர்ச் சேரியில் பிறந்து, தில்லைக்குப் போக ஆண்டையிடம் அனுமதி கேட்டுக் கேட்டுக் காத்துக் கிடந்த நந்தன். பெரியபுராணத்தில் அந்த ஆண்டை கிடையாது. நாற்பது வேலி நிலத்தையும் விளைத்துக் கொடுத்துவிட்டுப் போ என்று சொல்லும் வேதியரைச் சேர்த்தவர் பாரதிதான். அந்தச் சேர்க்கையில் தஞ்சைப் பண்ணைகளின் நிஜம் இருந்தது. சேக்கிழார் சொல்லாததைச் சொன்னார் என்று பண்டிதர் குறைப்பட்ட அந்த இடத்தில்தான், பண்ணையில் உழைத்தவனின் வாழ்க்கை நூலுக்குள் நுழைந்தது. அது சரியா தப்பா என்று சொல்லக்கூடியவர்கள் காவிரிக்கரை முழுவதும் வயலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பாரதி காத்திருந்த திண்ணைகூட அவர்களுக்குக் கிடையாது.

கேட்கப்படாத அந்தக் கருத்து அச்சில் வர ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. 1907இல் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழைத் தொடங்கினார். விலையே பெயராக இருந்த இதழ் அது. பண்டிதரின் எழுத்தில் நந்தன் பக்தியால் உருகித் தீயில் இறங்கிய பண்ணையாள் இல்லை. வஞ்சகத்தால் வீழ்த்தப்பட்ட பௌத்த அரசன். இந்த வரலாற்றை ஏற்பதா மறுப்பதா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது, நடக்கட்டும். இன்றைய பேச்சுக்கு வேண்டியது, அவர் யாரிடமும் அனுமதி வாங்கிக்கொண்டு அதை எழுதவில்லை என்பது. ஊரே உருகிக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு கதையை, கதைக்கு உரியவர்களின் பக்கத்திலிருந்து மறுத்துச் சொன்னார். அவருடைய நடையில் பணிவைத் தேடினால் கிடைக்காது. (அண்ணல் அம்பேத்கர் வேறு வழியில் போனார். 1948இல் வந்த ‘தீண்டப்படாதவர்கள்’ நூலை நந்தனார், ரவிதாஸ், சொக்கமேளா மூவரின் நினைவுக்கு அவர் காணிக்கையாக்கினார், அடியார்களாகவே ஏற்று. நம் முன்னோர் இருவர் ஒரே நந்தனை இரண்டு விதமாகப் பார்த்தார்கள் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாரும் ஒரே குரலில் பேசியாக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இருந்ததில்லை.)

கேட்காமல் கருத்துச் சொல்லக் கூடாது என்று இன்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்கிறார்கள். சமமானவர்களுக்கு இடையே அது நல்ல விதி. ஆனால் ஒரு படைப்பு உன்னைப் பற்றியது, உன்னைக் கேட்காமல் செய்யப்பட்டது என்றால் நீ அழைப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 2012 மே மாதம் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சங்கர் 1949இல் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று பதினொன்றாம் வகுப்பு அரசியல் பாடநூலில் இருந்தது. அரசியலமைப்பு என்ற நத்தையின்மீது அம்பேத்கர் அமர்ந்திருக்க, பின்னால் நேரு சாட்டையோடு நிற்பார். மக்களவையில் தொல். திருமாவளவன் அதை எழுப்பினார், படம் நீக்கப்பட்டது, பாடநூலின் ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுஹாஸ் பால்ஷிகரும் பதவி விலகினார்கள். சாட்டையைப் பார்த்ததும் எங்கள் உடம்பில் என்ன நிகழ்கிறது என்று சொல்ல எங்களுக்கு உரிமை இருந்தது. வரைந்தவரின் காலம் வேறு, கருத்து வேறு என்று விளக்க அவர்களுக்கும் உரிமை இருந்தது. ஆனால் புனே பல்கலைக்கழகத்தில் பால்ஷிகரின் அறைக்குள் புகுந்து பொருட்களை உடைத்தார்களே, அதை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. விடை சொல்லக் கூடியவரின் மேசையை உடைத்தால் நாம் எழுப்பிய தடைக்கு விடை எங்கிருந்து வரும்?

இதுவரை பேசியது நம்மைப் பற்றிப் பிறர் செய்த படைப்புகள். ஒடுக்கப்பட்டவரே படைப்பாளியாக வந்து நிற்கும்போது கருத்துச் சொல்பவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்கு, கடல் கடந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

1761இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பாஸ்டன் துறைமுகத்துக்கு ஒரு சிறுமியைக் கொண்டுவந்து விற்றார்கள். முன்பற்கள் விழுந்திருந்ததை வைத்து ஏழு வயதிருக்கும் என்று கணித்தார்கள். அவள் வந்த கப்பலின் பெயர் ஃபிலிஸ். வாங்கியவர் குடும்பப் பெயர் வீட்லி. இரண்டையும் சேர்த்து அவளுக்குப் பெயர் வைத்தார்கள். ஃபிலிஸ் வீட்லி சில ஆண்டுகளில் ஆங்கிலம் கற்றார், லத்தீன் கற்றார், பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே கவிதை அச்சில் வந்தது. தொகுப்பாக வெளியிட பாஸ்டனில் போதுமான ஆதரவு கிடைக்கவில்லை. 1773இல் லண்டனில் அச்சானது.

அந்த நூலின் முன்பக்கத்தில் ஒரு சான்று இருக்கிறது. மாசசூசெட்ஸ் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன், ஜான் ஹான்காக் முதலாகப் பதினெட்டுக் கனவான்கள் கையெழுத்திட்டது. நம் சாற்றுக்கவியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சாற்றுக்கவி ‘இந்த நூல் நன்று’ என்று சொல்லும். பதினெட்டுப் பேரின் சான்று கவிதை நன்றா தீதா என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து நாகரிகமற்றவளாக வந்த இந்த அடிமைப் பெண்தான் இவற்றை எழுதினாள் என்று நம்புகிறோம் என்பதோடு நின்றுவிட்டது. ‘நீயேதான் எழுதினியா?’ நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தக் கேள்வியை வகுப்பறையில் கேட்டிருக்கிறார்கள்! முதல் மதிப்பெண் எடுத்தாலும் கேட்பார்கள், நல்ல கட்டுரை எழுதினாலும் கேட்பார்கள்.

பிறகு கருத்துச் சொன்ன இருவரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இருவரும் பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர்கள். இருவரும் நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்தவர்கள். தாமஸ் ஜெஃபர்சன் தம் ‘வர்ஜீனியா குறிப்புகள்’ நூலில் வீட்லியைக் கவிஞர் என்றே ஒப்பவில்லை. அவர் பெயரில் வந்தவை விமர்சிக்கவும் தகுதியற்றவை என்று ஒதுக்கினார். ஒரு கவிதையை எடுத்து இந்த இடம் சரியில்லை என்று காட்டவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது கறுப்பினத்துக்குக் கற்பனை கிடையாது என்ற முடிவு; கவிதை அதற்கு இடைஞ்சல்.

ஜார்ஜ் வாஷிங்டனின் வழி வேறு. 1775இல் வீட்லி அவரைப் பாடிக் கவிதை அனுப்பினார். 1776 பிப்ரவரியில் வாஷிங்டன் பதில் எழுதினார். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். கவித்திறனைப் பாராட்டினார். வெளியிடலாம்தான், தற்பெருமை என்பார்களே என்று தயங்கினேன் என்றார். தம் படைத்தலைமையகம் பக்கம் வந்தால் சந்திக்க மகிழ்வேன் என்று அழைத்தார். முந்தின ஆண்டுகள் வரை அடிமையாக இருந்த ஒரு பெண்ணுக்கு, தம்மைப் பணிவுள்ள ஊழியன் என்று குறித்து, அக்கால வழக்கப்படி கையெழுத்திட்டார். கருத்துச் சொல்லும் மரியாதைக்கு மாதிரிக் கடிதம் வேண்டுமென்றால் இதைத்தான் காட்டுவேன். ஆனால் அந்தக் கடிதம் எழுதப்பட்ட நாளில் அவருடைய மவுண்ட் வெர்னான் பண்ணையில் வீட்லியின் இனத்தார் அடிமைகளாக உழைத்துக்கொண்டிருந்தார்கள். சொல்லில் மரியாதை முழுமையாக இருந்தது. அது பண்ணை வரை போகவில்லை. வீட்லி தம் இரண்டாம் தொகுப்புக்கு 1779இல் அறிவிப்பு வெளியிட்டார். ஆதரவு வரவில்லை. 1784இல் வறுமையில் இறந்தார். தொகுப்பு அச்சேறவே இல்லை.

நண்பர்களே, கசப்பான பகுதிக்கு வருகிறேன். அடுத்தவர் நம்மை எப்படி மதிப்பிட்டார்கள் என்று பேசுவது எளிது. நாம் நம்மவர் படைப்பை என்ன செய்தோம்?

லாங்ஸ்டன் ஹியூஸ் 1927இல் வெளியிட்ட இரண்டாம் தொகுப்பு ஹார்லெமின் கூலிகளையும் குடிகாரர்களையும் பாலியல் தொழிலாளிகளையும் அவர்கள் மொழியில் பாடியது. அதைக் குப்பை என்று எழுதியது பிட்ஸ்பர்க் கூரியர். கறுப்பின மக்களே நடத்திய பத்திரிகை. வெள்ளைக்காரன் பார்வையில் நம் மானம் போகிறதே என்ற பதற்றம். 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தபோது அவருடைய ஊரிலும் அந்தப் பதற்றம் எழுந்தது. பல மாதங்கள் ஊருக்குள் போக முடியவில்லை என்று அவரே நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். ஊர்க்காரர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. அவர்கள் படத்தில் இருந்தவர்கள். பண்டிதரின் உரிமை அவர்களுக்கும் உண்டு. பிறகு அந்த ஊரே அந்த நூலைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. நகரத்து இலக்கியவாதிகளின் குறைதான் வேறு மாதிரி: முழு நூலும் பேச்சுத் தமிழிலா, இது நாவலா தன்வரலாறா, எந்த அலமாரியில் வைப்பது என்று. பிள்ளை கீர்த்தனையை ஏட்டில் பார்த்த அதே பார்வை. வாய்விட்டுப் படித்திருந்தால் அந்தச் சந்தேகம் பாதி தீர்ந்திருக்கும்.

1994இல் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’. தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை. சுந்தர ராமசாமி அதை உச்சத்தில் வைத்தார். ராஜ் கௌதமன் கடுமையாக மறுத்தார். தலித்துகளுக்குள் இருக்கும் படிநிலையை மட்டும் காட்டி, மேலிருந்து அழுத்தும் அமைப்பை மறைத்துவிடுகிறதா என்பது வழக்கு. நம் வட்டங்களில் அன்று இரண்டு கட்சி. இமையத்தைப் படிக்காமலேயே துரோகி என்றவர்களும் உண்டு, கௌதமனைப் படிக்காமலேயே பொறாமை என்றவர்களும் உண்டு. இருவருடைய எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தவர்கள் கொஞ்சம்தான். கௌதமனின் முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. புதிரை வண்ணார் வீட்டிலிருந்து பார்த்தால் நாம் யார் என்ற கேள்வியை அந்த நாவல் என்னிடம் கேட்டது, நான் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் கௌதமன் நாவலுக்குள் போய்ப் பேசினார். அந்த மரியாதையை அவருடைய எதிரிகள் அவருக்குத் திருப்பித் தரவில்லை.

மராத்தியிலிருந்து ஒன்று சொல்லிவிட்டு என் கதைக்கு வருகிறேன். நாம்தேவ் தசாலின் ‘கோல்பிட்டா’ 1972இல் வந்தது. பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதியின் மொழி. முன்னுரை எழுதியவர் விஜய் தெண்டுல்கர், அப்போதே பெயர் பெற்ற நாடகாசிரியர், பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். தமக்குப் புரியாத சொற்களைக் குறித்துக்கொண்டு தசாலிடமே பொருள் கேட்டதையும், அந்தத் தெருக்களுக்கு தசாலோடு போய்வந்ததையும் அதில் ஒளிக்காமல் சொன்னார். எனக்கு இந்த மொழி தெரியாது என்று விமர்சகர் முதலில் சொல்லிவிட்டுப் பேசுவது நம் பண்டித மரபில் அபூர்வம். அந்தத் தெருவுக்கு வழிகாட்டி கவிஞர்தான், விமர்சகர் பின்னால் நடந்தவர்.

என் கதை இது. இருபது ஆண்டுகளுக்கு முன் எங்கள் வாசகர் வட்டத்தில் கல்லூரி மாணவி ஒருவர் தம் முதல் கதையை வாசித்தார். கையால் மலம் அள்ளிய தம் பாட்டியைப் பற்றியது. நோட்டுப் புத்தகம் நடுங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. முடித்ததும் நான் எழுந்து, ஒற்று மிகும் இடம் மிகா இடம், காலக்குழப்பம், ‘இந்த மாதிரிக் கதை நிறைய வந்தாச்சு’ என்று அரை மணி நேரம் பேசினேன். ஒவ்வொன்றும் சரியான குறிப்புதான். அடுத்துப் பேசிய தோழர் எதிர்ப்பக்கம் போய், ‘நம்ம பிள்ளை எழுதியதே பெரிய விசயம்’ என்றார். அந்தப் பெண்ணுக்கு எது அதிகமாகக் குத்தியிருக்கும் என்று இன்றுவரை எனக்கு முடிவு தெரியவில்லை. ஒன்று திண்ணையில் நிறுத்துவது, இன்னொன்று பதினெட்டுக் கனவான்களின் சான்று. கதையில் பாட்டி ஏன் சிரித்துக்கொண்டே இருந்தாள் என்று எங்கள் இருவரில் ஒருவரும் கேட்கவில்லை. அவர் மறுமாதம் வரவில்லை. பிறகு எழுதியதாகவும் தெரியவில்லை.

அதற்குப் பல ஆண்டுகள் கழித்து லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் 1990இல் உருவாக்கிய ஒரு முறையைப் பற்றிப் படித்தேன். பார்த்தவர்கள் முதலில் தங்களை எது தொட்டது என்று மட்டும் சொல்கிறார்கள். அடுத்து, கேள்வி கேட்பவர் கலைஞர்: இந்த இடம் நீளமாக இருக்கிறதா, முடிவு விளங்கியதா என்று. அதன் பிறகுதான் பார்த்தவர்கள் கேட்கலாம், அதுவும் தீர்ப்பை உள்ளே ஒளித்து வைக்காத கேள்வி. அபிப்பிராயம் கடைசியில், ‘இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, சொல்லலாமா?’ என்று கேட்டு, கலைஞர் சரி என்றால். வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. படித்துக்கொண்டிருந்தபோது அய்யாவின் மூன்றாவது கேள்வி காதில் விழுந்தது. அவர் லெர்மனைப் படித்தவரில்லை. மற்றவர் வாசலில் காத்திருந்து பழகியவர் என்பதால் தன்னிடம் வருபவரை அவர் காக்கவைக்கவில்லை என்று நினைக்கிறேன். அவருடைய மென்மையும் பொய்யான மென்மை இல்லை. என் முதல் கட்டுரையை இரண்டு முறை திருப்பி அனுப்பினார், மூன்றாம் முறை பாதியை அடித்தார். ஆனால் அடிப்பதற்கு முன் ‘இதுல உனக்கு முக்கியமானது எது?’ என்று கேட்டு, அதை மட்டும் தொடாமல் விட்டார்.

நேரமாகிவிட்டது. அடுத்து மூன்று பேர் காத்திருக்கிறார்கள். ஒருவர் கதை வாசிக்கப் போகிறார், ஒருவர் கானா பாடப் போகிறார், ஒரு தங்கை தம் ஓவியங்களை அந்தப் பின்சுவரில் மாட்டியிருக்கிறார். வரும்போதே பார்த்தேன், மூன்றாவது படத்தில் உள்ள அந்த மஞ்சள் வாளியைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டும், அவர் சரி என்றால். முதலில் அவர்கள் நம்மிடம் எதைக் கேட்க விரும்புகிறார்களோ அதைக் கேட்கட்டும். நான் இறங்கிவந்து உங்களோடு உட்கார்ந்துகொள்கிறேன்.